கால அட்டவணையின் சாதி: தொலைநிலைக் கல்வியும் நேரலை வகுப்பும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே அவள் படிப்பு மையத்துக்கு வந்து சேரும்போது மணி பதினொன்றரை. ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பு பத்து மணிக்கே தொடங்கியாச்சு. வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூர். ஊரிலிருந்து தார்ரோட்டுக்கு நடை, அங்கிருந்து பஸ், மலையிறங்கிக் கச்சிராயபாளையம், அப்புறம் கள்ளக்குறிச்சி. மத்தியானம் மூணு மணிக்கெல்லாம் கெளம்பியாகணும். கடைசி பஸ்ஸை விட்டா ராத்தங்க இடமில்ல. ஆக, ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் காசும் கொடுத்து அவள் வாங்கிப் போவது சோத்து நேரம் போக ரெண்டரை மணி நேரத் தமிழ்.

நானும் அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படித்தவன்தான். எங்க காலனியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையில், என்னைப் போலவே 'கரஸ்'ல சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கும் கூடமாட உதவி செய்கிறேன். அதில் இவளும் ஒருத்தி. கொரோனாவுக்குப் பிறகு ஒரு பேச்சு வலுத்திருக்கிறது: தொலைநிலை மாணவரை இனித் தனியே விடவேண்டாம், பல்கலைக்கழக வகுப்பறையில் நடக்கும் பாடத்திலேயே கைபேசி வழியாக நேரலையில் சேர்த்துக்கொள்ளலாம், கூடவே உட்கார்ந்து கேட்கலாம், கேள்வி கேட்கலாம் என்று. இதை நான் அவளிடம் சொன்னபோது சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"எத்தினி மணிக்குண்ணா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

1

முதலில் தொலைநிலைக் கல்வியின் பாடப்புத்தகத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்போம். இலக்கிய விமர்சகர்கள் யாரும் இதைத் தொட்டதாகத் தெரியவில்லை. நாவலை வாசித்திருக்கிறார்கள், கவிதையைக் கட்டுடைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் ராத்திரி விளக்கில் வாசித்த பாட ஏட்டை யாரும் ஒரு எழுத்துவகையாக மதிக்கவில்லை.

அந்த ஏட்டின் நாயகன் 'நீங்கள்'. 'இந்தப் பாடத்தைப் படித்து முடித்தபின் நீங்கள் விளக்கும் திறன் பெறுவீர்கள்', 'உங்கள் முன்னேற்றத்தைச் சோதித்துப் பாருங்கள்' என்ற தொனியில் அது பேசிக்கொண்டே போகும். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஊர்த்தெருவில் 'வாடா, போடா' கேட்டுப் பழகினவனுக்கு அச்சில் வரும் 'நீங்கள்' ஒரு இனிப்புத்தான். எனக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த 'நீங்கள்' யார்? இவருக்கு ஒரு மேசை இருக்கிறது. மேசைக்கு முன்னால் நேரம் இருக்கிறது. இவருக்குச் சந்தேகம் வந்தால் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது. அந்த விடையோடு இவருக்குச் சண்டை வருவதில்லை.

எனக்குச் சண்டை வந்தது. அகத்திணைப் பாடத்தில் வந்தது. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சிறுபொழுது. அழகாகத்தான் இருக்கிறது. நிலம் மாறினால் பொழுதும் மாறும் என்று ஒத்துக்கொண்ட இலக்கணம் உலகத்தில் எத்தனை இருக்கும்? ஆனால் அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் எங்கே வைக்கிறது? அன்பின் ஐந்திணைக்குள் அவர்களை வைக்கவில்லை. கைக்கிளை, பெருந்திணை என்று புறத்தே வைக்கிறது. வேலைசெய்கிறவனுக்குக் காதல் உண்டு என்று ஒத்துக்கொள்கிறது, ஆனால் அது நடு வீட்டுக்குள் வராது, வெளித்திண்ணையோடு சரி. அவனுக்கென்று ஒரு பொழுதும் குறிக்கப்படவில்லை. மத்தவனின் பொழுதுதான் அவனுக்கு வேலைநேரம்.

இதை யாரிடம் கேட்பேன்? ஏட்டிலே கேட்க முடியாது. தொடர்பு வகுப்பில் ஒருநாள் கேட்டேன். "சிலபஸ்ல இல்லாததைக் கேட்டு மத்தவங்க நேரத்தை வீணாக்காதீங்க" என்றார் ஆசிரியர். ஐந்து நாளில் எட்டுத் தாளை முடிக்கவேண்டிய அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி அதற்குப் பிறகு ஆறேழு வருஷம் எனக்குள்ளேயே கிடந்தது. வகுப்பறையில் படித்திருந்தால் அன்றைக்கே நாலு பேர் சேர்ந்து அடித்துப் பிடித்திருப்போம். தொலைநிலைக் கல்வி எனக்குப் பட்டம் கொடுத்தது, கூடச் சண்டை போட ஆள் கொடுக்கவில்லை. படிப்பு என்பதில் பாதி அந்தச் சண்டைதான்.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நேரலை வகுப்பில் தொலைநிலை மாணவரைச் சேர்ப்பதற்கு நான் எதிரி இல்லை. 'அவங்களுக்கு ஏடு போதும்' என்பது இன்னொரு வகைத் தீண்டாமை.

2

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்க்கணும். 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை 1971-இலும், அண்ணாமலை 1979-இலும், சென்னை 1981-இலும் தொடங்கின. 1985-இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அன்றைய தென்னாற்காட்டில் கல்லூரி எட்டாத சனங்களுக்கு அண்ணாமலையின் தபால் கட்டுதான் கல்லூரி. பாத்திரம் தேய்க்கிறவங்க, செங்கல் சூளைக்காரங்க, சத்துணவு ஆயா, போலீஸ் வேலைக்குக் காத்திருந்தவன், கல்யாணமாகிப் படிப்பை விட்டவள் என்று எல்லோருக்கும் அதுவே வாசல்.

ஆனால் அந்த வாசல் பின்கட்டு வாசல். "ரெகுலரா, கரஸ்ஸா?" என்ற கேள்வி நேர்முகத் தேர்வில் கேட்கப்படும்போது, "எந்தத் தெரு?" என்று கேட்கிற அதே குரல் எனக்குக் கேட்கும். 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக்குழு, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் தொலைநிலையிலும் இணையவழியிலும் பெற்ற பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்குச் சமம் என்று அறிவித்தது. நல்லது. காகிதத்தில் சமம். ஆனால் பட்டம் சமம் என்றால் அந்தப் பட்டத்துக்குப் பின்னால் உள்ள வகுப்பும் சமமாகணும் இல்லையா?

அரசின் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். 2010-இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் பட்டியல் சாதியினர் உதவித்தொகை விதிகளில் அஞ்சல்வழி மாணவருக்குக் கட்டணத்தோடு புத்தகத்துக்கென்று ஆண்டுக்கு 1200 ரூபாய் வைத்தார்கள். விதி எழுதினவருக்குப் புத்தகம் தெரிந்திருக்கிறது, பஸ் தெரியவில்லை. விட்ட கூலியும் தெரியவில்லை.

நேரலை என்பதும் புதுசு இல்லை. 1990-களிலேயே இந்திராகாந்தி பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் வழியாகத் தொலைமாநாடு நடத்தியது. ஒருவழிப் படம், இருவழிக் குரல். படிப்பு மையத்துக்குப் போய் உட்கார்ந்தால் ஆசிரியர் திரையில் பேசுவார், தொலைபேசியில் கேள்வி கேட்கலாம். கல்விக்கென்றே 2004 செப்டம்பரில் எஜுசாட் செயற்கைக்கோளை ஏவினார்கள். கொரோனா வந்த 2020-இல் எல்லா வகுப்பும் திரைக்குள் போனது. 2021 மே மாதத்தில் மானியக்குழு ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடுவரை இணையவழியில் நடத்தலாம் என்று கலப்புமுறைக் கருத்துக்குறிப்பு வெளியிட்டது. ரெகுலர் மாணவன் திரைக்குப் போகலாம் என்று ஆன பிறகு, தொலைநிலை மாணவி வகுப்புக்குள் வரக்கூடாது என்று சொல்ல ஒரு காரணமும் மிச்சமில்லை. சுவர் ஏற்கனவே இடிந்துவிட்டது. நேரம் என்ற இன்னொரு சுவர் அப்படியே நிற்கிறது.

3

கால அட்டவணையும் ஒரு பிரதிதான். அதையும் வாசிக்கலாம். பத்து முதல் பதினொன்று தொல்காப்பியம், பதினொன்று முதல் பன்னிரண்டு இக்கால இலக்கியம் என்று கட்டம் கட்டியிருக்கிற தாளை எழுதியவருக்கு ஒரு மாணவர் மனசில் இருக்கிறார். அந்த மாணவருக்குக் காலையில் யாரோ சோறாக்கி வைத்திருக்கிறார்கள். பகல் அவருடையது. அந்தப் பகலை அவர் யாருக்கும் விற்கவில்லை.

மலையில் அந்தப் பத்து மணிக்கு என்ன நடக்கிறது? மரவள்ளிக் காட்டில் களை எடுப்பு. சாமை அறுப்பு. பருவத்தில் கடுக்காய் பொறுக்கல். மிளகுக்கும் காப்பிக்கும் கேரளாவுக்கும் குடகுக்கும் போகிற குடும்பங்கள் மாசக்கணக்கில் ஊரிலேயே இருக்காது. கீழே எங்கள் காலனியில் பத்து மணி என்பது கரும்பு வெட்டு, கொத்தனார் வேலை, சித்தாள் வேலை. சாயங்காலம் ஏழு மணிக்கு வைக்கலாமே என்பார்கள். ஏழு மணி பெண்களுக்கு அடுப்பு நேரம். எங்க பெண்பிள்ளைகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உலை வைக்கிறார்கள். பாடம் காதில் விழும், கை எழுதாது.

கல்வராயன்மலை 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்த மலை. கூலியில்லா வேலை வாங்கிப் பழகின மலை. அங்கே மனுசனின் பொழுது அவனுக்குச் சொந்தமாகி அரை நூற்றாண்டுதான் ஆகிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். வெள்ளிமலைக்குத் தாலுகா ஆபீஸ் வந்தது அதன் பிறகு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவங்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள், நம்ம சனங்கள். அதற்கப்புறம்தான் கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலை என்ன என்று சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. சாராயம் இறங்கி வந்தால்தான் மலை கண்ணுக்குத் தெரியும் என்பது நம் அரசியல். படிக்க ஒருத்தி இறங்கி வருகிறாள் என்றால் யாருக்கும் தெரிவதில்லை.

நேரம் கொல்லும் என்பதற்குச் சாட்சி பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 2020 ஜூன் 1-இல் கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விக்டேர்ஸ் தொலைக்காட்சியில் வகுப்பு தொடங்கியது. நிகழ்ச்சியின் பெயர் 'ஃபர்ஸ்ட் பெல்', முதல் மணி. அந்த முதல் நாளிலேயே மலப்புறம் மாவட்டம் வளாஞ்சேரியில் ஒன்பதாம் வகுப்புத் தலித் மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டுத் தொலைக்காட்சி பழுது, ஸ்மார்ட்போன் இல்லை. அவள் படிப்பில் மட்டம் இல்லை, மணி அடித்தபோது அவளால் அங்கே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கேரளத்தில் கொந்தளிப்பு எழுந்தது. முதல் வகுப்புகளைச் சோதனை ஒளிபரப்பு என்று ஆக்கி மறுபடி ஒளிபரப்பினார்கள். நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சி வைத்துப் பொது மையங்கள் திறந்தார்கள். ஒரு உயிர் போன பிறகு செய்தது. ஆனாலும் இரண்டு பாடம் அதில் இருக்கிறது: வகுப்பு ஒருமுறைதான் நடக்கும் என்பது இயற்கை விதி இல்லை. வகுப்பு வீட்டில்தான் நடக்கணும் என்பதும் இல்லை.

4

இன்னொன்றும் சொல்லணும். அது நேரத்தைப் பற்றியது இல்லை, பார்வையைப் பற்றியது.

எங்கள் குழுவில் ஒரு தம்பி நேரலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தான். "கேமராவை ஆன் பண்ணுங்க, அப்பதான் அட்டெண்டன்ஸ்" என்றார்கள். பின்னால் தெரிவது சிமெண்ட் பூசாத சுவர், அதில் அம்பேத்கர் படம், கீழே கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிற தாத்தா. அவன் கேமராவைத் திறக்கவில்லை. "எதுக்குடா மறைக்கிற, அம்பேத்கரையா?" என்று கேட்டேன். "இல்லண்ணா, நான் யாருன்னு முதல் நாளே தெரிஞ்சிருச்சின்னா, அப்புறம் நான் எது சொன்னாலும் அது 'அவங்க' சொன்னதாத்தான ஆவும்" என்றான். வகுப்பறைக்குப் போகிற மாணவன் வீட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். நேரலை மாணவன் வீட்டையும் தெருவையும் தோளில் தூக்கிக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைகிறான். கேமராவைத் திற என்பது சாதாரண ஒழுங்கு விதிபோலத் தெரியும். யாருக்கு அது சாதாரணம் என்பதுதான் கேள்வி.

குரலும் அப்படியே. எல்லோரையும் 'மியூட்' பண்ணிவிட்டு நடக்கிற வகுப்பு நேரலை இல்லை, வானொலி. கேள்வியை எழுதி அனுப்பு என்றால், மலைப்பேச்சிலும் சேரிப்பேச்சிலும் யோசிக்கிறவள் முதலில் அதை மேடைத்தமிழுக்கு மாற்றணும். மாற்றி முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த பாட்டுக்குப் போய்விடும்.

ஆகவே 'இணைத்தல்' என்ற சொல்லில் நாம் எச்சரிக்கையாக இருக்கணும். யாரை எதில் இணைக்கிறோம்? வகுப்பு அதன் மணியிலும் அதன் தமிழிலும் அப்படியே இருக்கும், நீ ஓடிவந்து ஒட்டிக்கொள் என்பதா இணைத்தல்? இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. நேரலை வகுப்பைக் கொண்டுவந்து அதற்கு வருகைப்பதிவையும் கட்டாயமாக்கிவிட்டால், தொலைநிலைக் கல்வியில் எங்களுக்குக் கிடைத்த ஒரே சுதந்திரமும் போய்விடும். ராத்திரி பதினொரு மணிக்குப் படிக்கலாம் என்ற சுதந்திரம் அது. முன்னால் எங்களைத் தூரம் நிறுத்தியது. இனிமேல் நேரம் நிறுத்தும். முன்னால் 'இடமில்லை' என்றார்கள், இனிமேல் 'நீ வரவில்லை' என்பார்கள். குற்றம் நம் தலையில் விழும்.

5

அப்படியானால் என்ன செய்வது? எல்லோருக்கும் அவரவர் நேரத்தில் வகுப்பு நடத்த முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் சொன்னவர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள்.

முதலில் பாபாசாகேப். அவருக்கு நேரத்தின் விலை தெரியும். 1916-இல் லண்டனில் படிக்கப் போனவர், பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் பாதியில் திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தது. பணம் சேர்த்துக்கொண்டு 1920-இல் திரும்பப் போனார். அந்தக் கதவு திறந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியை அவர் தொடங்கியபோது வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று காலை வேளையில் வகுப்புகள் வைக்கப்பட்டன. மாணவனை மணிக்கு ஏற்ப வளைக்காமல், மணியை மாணவனுக்கு ஏற்ப நகர்த்திய கல்லூரி அது. தலித் கல்விச் சிந்தனை என்று நாம் பேசுவதில் கால அட்டவணைக்கும் இடம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது பாடத்தை பி.பி.சி.யில் வேலைநேரத்துக்கு வெளியே ஒளிபரப்பியது. அது போதாது என்று ஊருக்கு ஊர் ஆசிரியத் துணைவரையும் கோடைப் பள்ளியையும் வைத்தது. சான்பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் 2005, 2006 வாக்கில் பிரையன் பீட்டி என்ற ஆசிரியர் ஒரு முறையை உருவாக்கினார். ஒரே பாடத்துக்கு மாணவர் நேரில் வரலாம், நேரலையில் சேரலாம், பிறகு பதிவைப் பார்த்துக் கலந்துகொள்ளலாம். எது என்பதை ஒவ்வொரு வாரமும் மாணவரே முடிவு செய்வார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மதிப்பெண்ணில் குறையாது. அமெரிக்காக்காரன் சொன்னதால் நல்லது என்று சொல்லவரவில்லை. முடிவு செய்கிற உரிமை மாணவர் கையில் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

நம்ம மலைக்கு இதைக் கொண்டுவருவது எப்படி? வெள்ளிமலைப் பக்கம் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. சாயங்காலத்துக்கு மேல் அந்தக் கட்டடத்தில் ஒரு அறை, ஒரு திரை, ஒரு நல்ல இணைப்பு போதும். கைபேசியை உசரமான பாறையில் வைத்துச் சிக்னல் பிடிக்கிறவளுக்கு அது பெரிய விஷயம். அந்த அறையில் மலையிலேயே படித்துப் பட்டம் வாங்கின ஒருத்தருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்கணும். திரையில் இருப்பவர் பாடம் சொல்வார், இவர் கேள்வியை அவர்கள் பேச்சிலேயே எடுத்துக் கொடுப்பார். நேரலை நேரத்தைத் தொடக்கத்திலேயே மாணவர்களைக் கேட்டு முடிவு பண்ணணும், அறுப்புக் காலத்தில் மாற்றணும். ஆளுக்கொரு நேரம் கேட்கவில்லை, ஒரு மலைக்கு ஒரு நேரம் கேட்கிறோம். எல்லா வகுப்பும் பதிவாகணும். பதிவைக் கேட்டவளுக்கும் வந்தவளுக்குள்ள அதே மதிப்பு வேணும். பதிவு மட்டும் போதும் என்றும் விட்டுவிடக்கூடாது. வாரத்தில் ஒரு மணி நேரமாவது பாடம் நடத்தாமல் கேள்விக்கு மட்டுமே ஒதுக்கணும். கேமரா மாணவர் விருப்பம். பஸ் காசும் விட்ட கூலியும் உதவித்தொகையில் சேரணும்.

சுருக்கமாகச் சொன்னால், நேரலை வகுப்பு மாணவருக்கு உரிமையாக இருக்கட்டும், நிறுவனத்துக்குக் கடமையாக இருக்கட்டும். மாணவருக்குக் கடமை, நிறுவனத்துக்கு வருமானம் என்று அது தலைகீழாகிவிடக் கூடாது.

தோழர்களே, நாம் இடஒதுக்கீட்டுக்குப் போராடியிருக்கிறோம். அது இடத்துக்கான போராட்டம், இன்னும் முடியவில்லை. காலத்துக்கான போராட்டத்தை நாம் தொடங்கவே இல்லை. மாணவர் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் தொலைநிலை மாணவர் பெயரே வருவதில்லை. அவர்கள் வளாகத்தில் இல்லாததால் ஊர்வலத்திலும் இல்லை. அடியோரும் வினைவலரும் அன்றைக்குப் புறத்தே நின்றார்கள். இன்றைக்கும் அவர்களுக்குப் பெயர் 'வெளிமாணவர்'.

போன மாசம் ராத்திரி பதினொன்றரைக்கு அவளிடமிருந்து எனக்கு ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் நாய் குலைக்கிற சத்தம். குறிஞ்சிப் பாடம் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"ண்ணா, மலைக்கு யாமம்னு போட்டிருக்காங்க. அந்நேரத்துல தலைவன் வர்றான், தலைவி காத்திருக்கறான்னு. சரி. எங்க ஊர்ல அந்நேரத்துல பன்னி வரும், காட்டுக்குக் காவலுக்குப் போவாங்க. எங்கப்பா இப்பதான் பரணுக்குப் போனாரு. அவரு எந்தத் திணையில வருவாருண்ணா?"

நான் ஆறேழு வருஷம் வைத்திருந்த கேள்வியை அவள் தன் ஊரிலிருந்து, தன் வழியில் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குத் தெரிந்ததைப் பதிலாகச் சொல்லி அனுப்பினேன். ஆனால் இதை ஒரு வகுப்பே உட்கார்ந்து கேட்டிருக்கணும். தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர்களும் கேட்டிருக்கணும். அவள் கேட்கத் தயாராக இருக்கிற நேரம் யாமம். அந்நேரத்துக்குப் பல்கலைக்கழகத்தில் யார் விழித்திருக்கிறார்கள்?